வாரத் தேர்வு வைத்தால் கணக்கு வந்துவிடுமா, டீச்சர்?

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

பதவி உயர்வில் அந்தப் பள்ளிக்கு வந்து அவருக்கு இது இரண்டாவது ஆண்டு. பிள்ளைகள் 118 பேர். அவரையும் சேர்த்து ஆசிரியர்கள் ஆறு பேர்: மூன்று பட்டதாரி ஆசிரியர்கள், இரண்டு இடைநிலை ஆசிரியர்கள். 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடந்த மாநில அளவிலான அடைவுத் தேர்வில், ஆசிரியர்கள் 'ஸ்லாஸ்' என்று சொல்கிறார்களே அதில், ஐந்தாம் வகுப்புக் கணக்கு படுத்துவிட்டது. அப்புறம் ஓர் ஆய்வுக் கூட்டத்தில், பட்டியலின் அடியில் இருந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். "இத்தனை வருஷ சர்வீஸில் அப்படி நின்றதில்லை சார்" என்று எழுதியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அவர் எடுத்த முடிவுகள் இவை. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாப் பாடத்திலும் தேர்வு. முடிவுகளைத் தரவரிசையாக வராந்தாவில் ஒட்டுவது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்கு மெமோ கொடுப்பது. அவர் ஓய்வுக்கு இரண்டாண்டு இருக்கும் மூத்த ஆசிரியர். ஊர்க்காரர் ஒருவர், அந்தப் பள்ளியின் பழைய மாணவர், திருப்பூரில் தொழில் செய்பவர், ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார். அதில் டேப்லெட்டுகளும் ஒரு தனியார் நிறுவனத்தின் தேர்வுச் செயலியும் வாங்குவது. ஆசிரியர்கள் முணுமுணுக்கிறார்கள், சங்கத்துக்குப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. "பயிற்சிக்கும் அனுப்பிப் பார்த்தாகிவிட்டது, போய்விட்டு வந்து அதே பாடத்தை அதே மாதிரிதான் நடத்துகிறார்கள். தேர்வை இறுக்குவதைத் தவிர வேறு என்ன வழி? சட்டப்படி எனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது?" இதுதான் அவர் கேள்வி.

டீச்சர், கூட்டத்தில் நிற்க வைத்தது தவறு. நீங்கள் பட்ட அவமானம் நியாயமானது. ஆனால் அன்று உங்களுக்கு நடந்ததை நீங்கள் அந்த மூத்த ஆசிரியருக்கும், அவர் பிள்ளைகளுக்கும் வராந்தாவில் பட்டியல் ஒட்டிச் செய்யப் போகிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான்.

ஐந்தாம் வகுப்பின் மதிப்பெண் யாருடையது?

முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வோம். அந்தத் தேர்வை எழுதிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 11 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். 11 பேர் உள்ள வகுப்பில் அன்று இரண்டு பேர் காய்ச்சலோடு வந்திருந்தாலே சராசரி கவிழ்ந்துவிடும். பெரிய எண்ணிக்கையில் மாவட்டத்தையோ மாநிலத்தையோ பற்றி ஓரளவு சரியாகப் பேசும் எண், 11 பேரைப் பற்றிப் பேசும்போது அவ்வளவு நம்பகமாக இருக்காது. மத்திய அரசு 2024 டிசம்பரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடத்திய பரக் கணக்கெடுப்பு மாதிரிப் பள்ளிகளை வைத்து நடந்தது. மாவட்டமும் மாநிலமும் எங்கே நிற்கின்றன என்று பார்க்க அது உதவும். ஓர் ஆசிரியர் நன்றாக நடத்துகிறாரா என்பதை அதில் தேடக் கூடாது.

அடுத்தது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பிப்ரவரியில் எழுதும் கணக்கில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரின் பங்கு எட்டு மாதம்தான். மீதி, ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்தது. அந்தப் பிள்ளைகள் முதல் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய காலத்தில் கொரோனாவால் பள்ளிக்கூடமே பூட்டிக் கிடந்தது, மறந்துவிடாதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு இடைநிலை ஆசிரியர்களில் ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை, அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' பார்க்கிறார் என்றால், அந்த மூத்தவர் நான்கையும் ஐந்தையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு எல்லாப் பாடமும் நடத்துகிறார். கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் இதைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் பக்கத்துச் செய்தி.

தாளில் தெரிவதும் தெரியாததும்

நீங்கள் கடிதத்தோடு மூன்று பிள்ளைகளின் கணக்குத் தாளைப் படம் எடுத்து இணைத்தது நல்லதாகப் போயிற்று. இரண்டு பேருக்குப் பத்துக்கு மூன்று. 'மிகவும் மோசம்' என்று இரண்டு தாளிலும் சிவப்பு மையில் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே மோசம் இல்லை.

முதல் தாளில் 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று இருக்கிறது. அடுத்தது 61 கழித்தல் 38, விடை 37. அதற்கடுத்தது 70 கழித்தல் 46, விடை 36. கவனித்தீர்களா? அந்தப் பெண் எங்கே போனாலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறாள், அது மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும். கவனக்குறைவு இல்லை, அவளிடம் ஒரு விதி இருக்கிறது. அந்த விதி தவறு, அவ்வளவுதான். கடன் வாங்க வேண்டாத கணக்குகளில் அதே விதி சரியான விடையைக் கொடுத்துவிடுவதால், தன் விதி தப்பு என்று அவளுக்கு இதுவரை தெரிய வழியில்லை.

இரண்டாம் தாளில் அதே 52 கழித்தல் 27-க்கு 26. அடுத்ததற்கு 22. அதற்கடுத்ததற்கு 25. இந்தப் பையனுக்குக் கடன் வாங்கத் தெரியும். விரல் விட்டு எண்ணும்போது ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது. இவனுக்கு வேண்டியது 12-இலிருந்து 7 போனால் 5 என்பது வாய்ப்பாடு மாதிரி நாக்கில் வருவது. அவளுக்கு வேண்டியது பத்து ஈர்க்குச்சியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்தால்தான் ஏழு குச்சி எடுக்க முடியும் என்று கையால் செய்து பார்ப்பது. அவள் வேலையை இவனிடம் செய்தால் இவன் கொட்டாவி விடுவான், இவன் வேலையை அவளிடம் செய்தால் தவறான விதி இன்னும் வேகமாக ஓடும்.

உங்கள் சனிக்கிழமைத் தேர்வு இரண்டு பேருக்கும் மறுபடி மூன்று என்று சொல்லும். அடுத்த சனிக்கிழமையும் மூன்று. செயலி அதை வட்டப் படமாகப் போட்டுக் காட்டும். திங்கட்கிழமை காலை இரண்டாம் பிரிவேளையில் ஆசிரியர் எதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் தாளைப் பார்த்துப் பழகிய ஓர் ஆசிரியர்தான், அதுவும் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கும்போது.

தேர்வைக் கூட்டிப் பார்த்தவர்கள் கண்டது

இது என் கருத்து மட்டும் இல்லை. அரியானாவில் சுமார் 500 அரசுப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 2020-இல் கட்டுரையாக வந்தது. சில பள்ளிகளில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை நடைமுறைப்படுத்தினார்கள்: ஆசிரியர் அடிக்கடி மதிப்பிட வேண்டும், பதிவேட்டில் குறிக்க வேண்டும். வேறு சில பள்ளிகளில், பிள்ளைகளை வகுப்புப்படி இல்லாமல் வாசிக்கும் நிலைப்படி பிரித்து, தினமும் குறிப்பிட்ட நேரம் அந்த நிலைக்கேற்ற பாடம் நடத்தினார்கள். மதிப்பீடு மட்டும் கூடிய பள்ளிகளில் கற்றலில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. நிலைக்கேற்பக் கற்பித்த பள்ளிகளில் பிள்ளைகளின் இந்தி வாசிப்பு முன்னேறியது. பழைய ஆந்திராவிலும் ஒரு முயற்சி நடந்தது. பிள்ளை எதில் பலவீனம் என்ற விரிவான அறிக்கையை ஆசிரியர் கையில் கொடுத்து, அவ்வப்போது வகுப்பையும் வந்து பார்த்தார்கள். பார்க்க வந்த நேரத்தில் ஆசிரியர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் மதிப்பெண், அறிக்கை போகாத பள்ளிகளைவிட ஏறவில்லை.

நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோமே. 2012-13இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று வந்தது. வளரறியின் நோக்கம் அருமையானது: பாடம் நடக்கும்போதே பிள்ளைக்கு எங்கே தட்டுகிறது என்று பார்த்து, பாடத்தைத் திருப்புவது. நடந்தது என்ன? பருவக் கடைசி வாரத்தில் பதிவேட்டை நிரப்புவது. பிள்ளையின் செயல்திட்டத்துக்கு அப்பா ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாக விற்கும் சார்ட்டை வாங்கிவந்து ஒட்டுவது. (மழைநீர் சேகரிப்பு சார்ட்டைத் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.) 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அரசு அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 'தேர்வை இறுக்கினால் சரியாகிவிடும்' என்ற எண்ணம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை.

அமெரிக்கா இதை நாடு முழுக்கச் செய்து பார்த்தது. 2002-இல் கையெழுத்தான சட்டப்படி 3 முதல் 8 வரை ஒவ்வொரு ஆண்டும் தேர்வு, 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் நூறு சதவீதம் தேற வேண்டும், தேறாத பள்ளிகள் மீது நடவடிக்கை. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பிள்ளைகளின் விடைத்தாளை அழித்துத் திருத்தியதை 2011-இல் விசாரணை அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. 44 பள்ளிகள், 178 பேர். 2015-இல் அந்தச் சட்டத்தையே மாற்றினார்கள். நம் பள்ளிகளில் ஓ.எம்.ஆர். தாள் நடக்கும் அறையில் விடை எப்படிக் 'கசிகிறது' என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெமோ பயம் வந்தால் கசிவு கூடத்தான் செய்யும். அப்போது உங்கள் பள்ளியின் எண் ஏறும், அந்தப் பெண் ஆறாம் வகுப்பிலும் 35 என்றே எழுதுவாள்.

அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1998-இல் லண்டனில் பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இரண்டு பேராசிரியர்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வகுப்பறைக்குள்ளே அன்றாடம் நடக்கும் மதிப்பீடு கற்றலை நன்றாகவே உயர்த்துகிறது என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: கிடைத்த தகவலை வைத்து ஆசிரியர் அடுத்த பாடத்தை மாற்ற வேண்டும். மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், மாற்ற நேரமும் இருக்க வேண்டும். இஸ்ரேலில் 1988-இல் வந்த ரூத் பட்லரின் ஆய்வு ஒன்றையும் உங்கள் ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். தாளில் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் போட்டபோது அந்த முன்னேற்றம் காணாமல் போயிற்று. பிள்ளை எண்ணைத்தான் பார்க்கிறது, பக்கத்துப் பிள்ளையின் எண்ணையும் பார்க்கிறது, குறிப்பைப் படிப்பதில்லை.

உங்கள் அதிகாரம் எதுவரை?

நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் பிரிவு 24, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு அதற்கேற்பக் கூடுதல் கற்பித்தல் தருவதை ஆசிரியரின் கடமையாகச் சொல்கிறது. ஆகவே பிள்ளைகளை மதிப்பிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வாக்கியம் கூடுதல் கற்பித்தலில்தான் முடிகிறது, அதை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் நடத்த முடியாது. பள்ளி நாட்காட்டியில் வேலைநாளாக இல்லாத சனிக்கிழமையில் பிள்ளைகளை வரவழைக்க வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வழியில் ஒரு பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தரவரிசைப் பட்டியலைக் கைவிடுங்கள். பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரிவு 29, அச்சமும் பதற்றமும் இல்லாமல் பிள்ளை கற்க வேண்டும் என்கிறது. கடைசி இடத்தில் தொடர்ந்து பெயர் வரும் பிள்ளையின் பெற்றோர் புகார் கொடுத்தால் உங்கள் பக்கம் நிற்க எந்த விதியும் இல்லை.

மெமோ விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. தாமதம், விடுப்பு, பாடக்குறிப்பு எழுதாதது போன்றவற்றுக்கு விளக்கம் கேட்டு எழுதலாம். ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ), 17(ஆ) குறிப்பாணைகள் உரிய அதிகாரம் பெற்ற அலுவலர் தர வேண்டியவை. தலைமையாசிரியர் கையில் அவை இல்லை. அப்படியே மேலே எழுதினாலும், 'ஒரு தேர்வில் வகுப்பின் சராசரி குறைவு' என்பதைக் கடமை தவறியதற்குச் சான்றாக நிறுத்த முடியாது. இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்த்தவர் என்று அவர் ஒரு வரி பதில் எழுதினால் போதும், கேள்வி உங்கள் வேலைப் பங்கீட்டின் மேல் திரும்பும். ஓய்வு பெறும் காலத்தில் நிலுவை நடவடிக்கை இருந்தால் பணப்பலன்கள் தள்ளிப்போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கோபத்தில் செய்கிற காரியம் இல்லை அது.

உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சட்டத்தில் பாருங்கள், பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று குறிப்பிடும்போது பாடத் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்தே சொல்கிறது. பாடத்தைப் பற்றி ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசுவது சட்டம் அங்கீகரித்த வேலை. அதற்கு நேரம் ஒதுக்க நீங்கள் யாரிடமும் கூச்சப்பட வேண்டாம்.

பயிற்சி பலிக்கவில்லை என்கிறீர்களே

உண்மைதான். நான் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்தவன், கூடத்தின் இந்தப் பக்கம் நின்று பார்த்தவன். மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்வார், அவர் வட்டாரத்துக்கு, வட்டாரம் ஆசிரியருக்கு. ஐந்து நாள் பயிற்சி நான்காம் கைக்கு வரும்போது இரண்டு நாளாகி, பவர்பாயிண்டாகி, மதியம் மூன்று மணிக்கு வருகைப் பதிவில் கையெழுத்தாகி முடியும். பயிற்சி கேட்டவருடைய வகுப்பு அந்தக் கூடத்தில் இல்லை, 52 கழித்தல் 27-க்கு 35 எழுதும் பெண்ணும் இல்லை. அதனால் ஆசிரியர்கள் மாற மாட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். தங்கள் சொந்தப் பாடத்தை வைத்து, சக ஆசிரியர்களோடு கற்கும் வாய்ப்பு அவர்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக ஒன்று செய்கிறார்கள். ஜுகியோ கென்கியூ என்று பெயர். நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள், என்ன தவறான விடை சொல்வார்கள், அப்போது என்ன கேட்பது என்றெல்லாம் முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள், பாடத்தைத் திருத்துவார்கள், வேறு வகுப்பில் இன்னொருவர் மறுபடி நடத்துவார். சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் தொழில் கற்றலுக்கு உரிமையாக உண்டு. அதே சிங்கப்பூர், தேர்வுக்குப் பேர்போன ஊர், 2019-இலிருந்து ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளில் மதிப்பெண் தேர்வுகளை எடுத்துவிட்டது.

'அங்கே வசதி இருக்கிறது' என்பீர்கள். வாஸ்தவம். உங்கள் ஆறு பேர் பள்ளியில் ஒருவர் விடுப்பு போட்டாலே வகுப்பு தள்ளாடும். அதனால் பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் திட்டப்படி என்றால் ஒரு வகுப்புக்குச் சராசரி 15 பிள்ளைகள், ஐந்து பாடம், வாரம் 75 தாள். நான்கையும் ஐந்தையும் பார்ப்பவருக்கு 150 தாள். அதைத் திருத்தும் நேரம் எங்கிருந்து வந்திருக்குமோ அங்கிருந்தே இதற்கும் நேரம் எடுக்கலாம்.

மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை, கடைசிப் பிரிவேளையில் 4 முதல் 8 வரை பிள்ளைகளை நூலகப் புத்தகத்தோடு ஒரு இடத்தில் உட்கார வைத்து ஒரே ஓர் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும், முறை மாற்றி மாற்றி. மற்ற மூன்று நான்கு பேர் தலைக்கு ஐந்து தாளோடு உட்காருங்கள். கேள்வி இரண்டு மட்டும்: இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியது? அடுத்த வாரம் என்ன செய்யலாம்? மதிப்பெண் பேச்சு அந்த அறையில் வேண்டாம். தமிழுக்கும் இது பொருந்தும். 'கொடி' என்பதை 'கெடி' என்று வாசிக்கும் பிள்ளை எழுத்துத் தெரியாதவன் இல்லை. முன்னால் இருக்கும் கொம்பைப் பார்க்கிறான், பின்னால் வரும் காலைப் பார்க்கவில்லை. அவனை 'அரும்பு' நிலை என்று செயலியில் பதிந்துவிட்டுப் போவதைவிட, கெ, கொ வரும் பத்துச் சொற்களைக் கலந்து கொடுத்து வாசிக்க வைப்பது பலன் தரும். எண்ணும் எழுத்தும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பதே அந்தந்த நிலைக்குத் தனியாகக் கற்பிப்பதற்குத்தான். ஆறாம் வகுப்பு முதல் நடக்கும் அரசின் 'திறன்' திட்டப் பயிற்சியும் அந்த வழியில்தான் போகிறது. அவற்றை எதிர்க்க வேண்டாம், பதிவேற்றத்தோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவத்துக்கு ஒரு பாடம் ஜப்பான்காரர்கள் மாதிரி சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பாருங்கள். பார்க்கிறவர்கள் ஆசிரியரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது, பிள்ளைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். இந்த ஒரு விதியை மீறினால் மறுநாளே அது ஆய்வாக மாறிவிடும், சங்கத்துக்காரர் வருவதும் நியாயமாகிவிடும். உங்கள் வட்டார வளமைய ஆசிரியப் பயிற்றுநரையும் ஒருநாள் கூப்பிடுங்கள், பதிவேடு இல்லாமல் வரச் சொல்லி.

அந்த ஒன்றரை லட்சம்

கொடையாளரின் மனம் நோகாமல் திசை திருப்பலாம். பணத்தைக் கையில் வாங்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' வழியாகவோ குழுவின் கணக்கு வழியாகவோ வாங்குங்கள். தனியார் செயலியில் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் போகும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அந்த வம்பு உங்களுக்கு எதற்கு? செயலிக்கு அடுத்த ஆண்டுச் சந்தாவை யார் கட்டுவார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.

அதே பணத்தில் ஒரு வகுப்புக்கு நூறு கதைப் புத்தகம், கணக்குக் குச்சிக் கட்டுகள், மணிச்சட்டம் வாங்கலாம். மாலையில் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்கார உள்ளூரில் படித்த ஒரு பெண்ணுக்குக் குழு மூலம் மதிப்பூதியம் தரலாம். கொரோனாவுக்குப் பின் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் செய்த வேலை உங்கள் ஊரிலேயே நடந்திருக்கும், அவர்களில் ஒருவரைக் கேளுங்கள். திருப்பூர்க்காரருக்கு எண்ணிக்கை வேண்டுமென்றால், ஜூலையில் எத்தனை பிள்ளைகள் ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசித்தார்கள், டிசம்பரில் எத்தனை பேர் என்று காட்டுங்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்க பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும், ஓ.எம்.ஆர். தாள் தேவையில்லை.

மேலே கேட்டால்?

அடுத்த ஆய்வுக் கூட்டம் வரும், மறுபடி அந்தப் பட்டியல் வரும். இந்த வழியில் எண்கள் ஒரே பருவத்தில் குதிக்காது, அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னொரு முறை நிற்கவும் நேரலாம். ஆனால் அப்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். 4, 5ஆம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலில் தவறான விதி வைத்திருந்தவர்கள் இத்தனை பேர், ஈர்க்குச்சிப் பாடத்துக்குப் பிறகு இத்தனை பேர், மீதி உள்ளவர்களுக்கு இப்போது இது நடக்கிறது. இவ்வளவு துல்லியமாகப் பேசும் தலைமையாசிரியரை அதிகாரிகள் அவ்வளவு எளிதில் உட்காரச் சொல்லிவிட மாட்டார்கள், மேலும் கேட்கவே விரும்புவார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் இந்த வெள்ளிக்கிழமைக் கூடலை எழுத்தில் சேர்த்து, மேலாண்மைக் குழுத் தலைவரின் கையெழுத்தையும் வாங்கிவையுங்கள். கேள்வி வந்தால் அது உங்கள் தனி யோசனை என்று யாரும் சொல்ல முடியாது.

பருவத் தேர்வுகள் அவை பாட்டுக்கு நடக்கட்டும். இடையில் வாரம் ஒரு பாடத்தில் ஐந்து கேள்வி, மதிப்பெண் இல்லாமல், ஒரு வரிக் குறிப்போடு திருப்பிக் கொடுப்பது. உங்கள் ஆசிரியர்களிடம் அதற்கு மேல் தேர்வு கேட்காதீர்கள்.

அந்த மூத்த ஆசிரியரிடம் இந்த வாரமே பேசுங்கள், அலுவலக அறையில் வேண்டாம், அவர் வகுப்பில் போய். இணைத்த மூன்று தாள்களையும் காட்டி, 'சார், இந்தப் பெண் ஏன் 35 எழுதுகிறாள் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். இத்தனை ஆண்டு நான்கையும் ஐந்தையும் சேர்த்துச் சமாளித்தவருக்கு நமக்குத் தெரியாத பத்து விஷயம் தெரிந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்புறம், மற்றவர்கள் பார்க்க நடத்தும் முதல் பாடத்தை அவர் தலையில் கட்டாதீர்கள். ஆறாம் வகுப்புக் கணக்கு நீங்கள்தான் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போன வருஷத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்கள், முதல் பாடத்தை நீங்களே நடத்துங்கள், அவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.